வீட்டில் செய்த கத்திக்குத் தோய்ச்சல்: புதியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

புதியவர்கள் இரும்புப் பட்டையை அறுத்து, அரத்தால் ராவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கத்தியின் வடிவத்தைக் கொண்டுவந்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு உலைக்கு முன்னால் வந்து தயங்கி நிற்கிறார்கள். அந்தத் தயக்கம் நியாயமானது. பல நாள் வேலை ஒரு நொடியில் விரிசல் விடக்கூடிய இடம் அது. வீட்டுக் கொல்லையில் சிறிய உலை வைத்துச் சில ஆண்டுகளாகக் கத்தி செய்துவருகிறேன். புதிதாகத் தொடங்கும் நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். காய்கறிக் கத்தி, தோட்டத்துக் கத்தி போன்ற சிறிய கத்திகளை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். வாள், வீச்சரிவாள் செய்ய விரும்புவோருக்கு இது உதவாது.

கத்தி ஏற்கெனவே கூராக இருக்கிறது. பிறகு எதற்குத் தோய்ச்சல்?

கூர் வேறு, கடினம் வேறு. தகர டப்பாவின் மூடியைக்கூடக் கையை வெட்டும் அளவுக்குத் தீட்டிவிடலாம். ஆனால் நாலு வெங்காயம் நறுக்குவதற்குள் அதன் வாய் மடங்கிவிடும். கூர் நிலைத்து நிற்க வேண்டுமானால் வாய்ப் பகுதி கடினமாக இருக்க வேண்டும். கத்தியை நன்றாகக் காய்ச்சிச் சட்டென்று குளிரவைத்தால் அந்தக் கடினம் வருகிறது. இதைத்தான் தோய்ச்சல் என்கிறோம். துவைச்சல் என்று சொல்லும் ஊர்களும் உண்டு. தோய்த்த கத்தி கண்ணாடிபோல் நொறுங்கும் நிலையில் இருக்கும். அதை மறுபடி மிதமாகச் சூடாக்கி அந்த முறுக்கைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். அதைப் பதம் இறக்குதல் என்று இந்தப் பக்கம் முழுவதும் குறிப்பிடுகிறேன்.

ஒரு குழப்பத்தை இப்போதே தீர்த்துக்கொள்வோம். ஒர்க்‌ஷாப்களில் 'டெம்பர் ஏற்று' என்றால் கடினமாக்கு என்று பொருள். பொறியியல் பாடத்திலோ டெம்பரிங் என்றால் தோய்த்த பிறகு பதம் இறக்குவது. இரண்டும் நேர் எதிரான வேலைகள். யாரிடமாவது கேட்டுச் செய்யும்போது எதைச் சொல்கிறார் என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரும்புக்குள் அப்படி என்னதான் நடக்கிறது?

வெறும் இரும்பைக் கத்திக்கு உரிய எஃகாக்குவது கார்பன். நூறு பங்கில் ஒரு பங்குகூட இல்லாத அந்தக் கார்பன்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. எஃகு சுமார் 727 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது அதன் அணுக்கள் வேறு வரிசைக்கு மாறுகின்றன. அந்தப் புதிய வரிசையில் கார்பன் புகுந்து கரைய இடம் இருக்கிறது. மெதுவாக ஆறவிட்டால் கார்பன் வெளியேறித் தனி அடுக்காகப் படிந்துவிடும், எஃகு மென்மையாகிவிடும். சட்டென்று குளிரவைத்தால் வெளியேற நேரம் கிடைக்காமல் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். அணு வரிசை இழுபட்டு விறைத்து நிற்கும். அந்த விறைப்புதான் கடினம். நொறுங்கும் குணத்துக்கும் அதுவே காரணம். பதம் இறக்கும்போது கார்பனில் ஒரு சிறு பகுதி நகர்ந்து இடம் தேடிக்கொள்வதால் விறைப்பு குறைகிறது.

எந்த இரும்பை வாங்குவது?

எல்லாமே இதில்தான் தொடங்குகிறது. தவறான இரும்பை எடுத்தால், எத்தனை திறமையாகத் தோய்த்தாலும் கத்தி வராது.

கட்டடக் கம்பி வேண்டாம். அதில் கார்பன் 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதே நம் நாட்டுத் தர விதி. ஜன்னல் பட்டை, ஆங்கிள் எல்லாம் அதைவிடக் குறைவு. இவற்றைச் சிவக்கச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கினாலும் அரம் போட்டால் சீவிக்கொண்டு வரும்.

புதியவருக்கு என் முதல் பரிந்துரை 1084 என்ற எண் கொண்ட எஃகு. கார்பன் சுமார் 0.84 சதவீதம், கொஞ்சம் மாங்கனீசு, வேறு சிக்கலான கலவை ஏதும் இல்லை. சரியான சூட்டுக்கு வந்தவுடன் தோய்க்கலாம், நீண்ட நேரம் உலையில் பிடித்துவைக்க வேண்டிய தேவை இல்லை. சமையல் எண்ணெயிலேயே கடினமாகிவிடும். 1095 பெயரில் பக்கத்து வீட்டுக்காரர்போல் தெரிந்தாலும் குணத்தில் கறாரானது. ஏறக்குறைய ஒரு நொடிக்குள் 500 டிகிரி அளவுக்குக் கீழே இறங்கியாக வேண்டும். எண்ணெய் கொஞ்சம் மந்தமாக இருந்தாலும் முழுக் கடினம் வராது. பேரிங்குக்குப் பயன்படும் இஎன் 31 சிறந்த எஃகுதான். ஆனால் அதிலுள்ள குரோமியத்தால் கார்பன் கரைய நேரம் பிடிக்கும். சூட்டை 10 நிமிடத்துக்கு மேல் அசையாமல் பிடிக்க, வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் மின்உலை வேண்டும். கரி உலையில் அதைச் சரியாகச் செய்வது கடினம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் அப்படித்தான். 1000 டிகிரிக்கு மேல் துல்லியமான சூடு கேட்கும், அதனால் இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

கடைக்காரர் எண்ணைச் சொல்லி விற்கும் பட்டையை வாங்குவது சிக்கனம் என்றுதான் சொல்வேன். பெயர் தெரியாத இரும்பில் மிச்சமாகும் காசை, வீணாகும் உழைப்பு விழுங்கிவிடும்.

பழைய லாரி பட்டை கிடைக்கிறது. அரிவாள் எல்லாம் அதில்தானே செய்கிறார்கள்?

ஆம், நன்றாகவே செய்கிறார்கள். லாரியைத் தாங்கும், வில்லாக வளையும் பட்டைகளில் கார்பன் பெரும்பாலும் 0.5 முதல் 0.6 சதவீதம். கூடவே சிலிக்கானோ குரோமியமோ இருக்கும். அடி தாங்கும், எண்ணெயில் கடினமாகும். அரிவாளுக்கும் மண்வெட்டிக்கும் ஏற்ற குணம் அது. மெல்லிய சமையலறைக் கத்திக்கு அவ்வளவு கூர் நிற்காது.

ஆனால் ஓடிக் களைத்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல்கள் இருக்கலாம். தோய்க்கும்போது அவை திறந்துகொள்ளும். பட்டை செய்யும் இடங்களில் மிச்சமாகும் புதிய துண்டு கிடைத்தால் அதையே எடுங்கள். இந்த வகை எஃகுக்கு 1084ஐவிடச் சற்றுக் கூடுதல் சூடு, 830 முதல் 870 டிகிரி வரை தேவைப்படும்.

உலையில் வைப்பதற்கு முன் கத்தி எந்த நிலையில் இருக்க வேண்டும்?

முக்கால் பங்கு முடிந்த நிலையில். வாயை முழுக்கத் தீட்டிவிடாதீர்கள். குறைந்தது ஒரு மில்லிமீட்டர் தடிப்பு இருக்கட்டும். தாள்போல் மெலிந்த வாய் முதலில் சூடேறிக் கருகும், எண்ணெயில் இறங்கும்போது அலை அலையாக வளையும்.

கைப்பிடிக்கான ஓட்டைகளை இப்போதே போட்டுவிடுங்கள். பிறகு டிரில் பிட்தான் மழுங்கும். கத்தி உடலும், கைப்பிடிக்குள் போகும் காம்பும் சேரும் இடத்தில் செங்கோணமாக மூலை விடாமல் வட்ட அரத்தால் வளைத்துவிடுங்கள். விரிசல் தொடங்க விரும்பும் இடம் அந்த மூலை. குறுக்கே ஓடும் ஆழமான கிரைண்டர் கீறல்களையும் உப்புத்தாளால் நீளவாக்கில் தேய்த்து எடுத்துவிட வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே அளவாகத் தேய்ந்திருக்கிறதா என்று முதுகுப் பக்கமிருந்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். ஒரு பக்கம் தடித்திருந்தால் கத்தி கட்டாயம் கோணும்.

உலைக்கு என்ன செய்வது?

சிறிய கத்திக்குப் பெரிய உலை வேண்டாம். மண்ணில் குழி, அதற்குள் ஓர் இரும்புக் குழாய், கையால் சுற்றும் புளோயர், மரக்கரி அல்லது கொட்டாங்கச்சிக் கரி இவ்வளவு போதும். துருப்பிடிக்காமலிருக்க துத்தநாகப் பூச்சு பூசிய குழாயைப் பயன்படுத்தாதீர்கள். சூட்டில் எழும் அந்தப் புகை காய்ச்சலில் தள்ளும். ஈரச் செங்கல்லும் வேண்டாம், வெடித்துச் சிதறும்.

புளோயரை வேகமாகச் சுற்றினால் காற்று வரும் வாய்க்கு நேராக ஓர் இடம் மட்டும் வெள்ளையாக எரியும். கத்தியின் முனை அங்கே போய்விட்டால் போயிற்று. கரியைக் குவித்து, காற்றைக் குறைத்து, கனல் சீராகப் பரவிய பிறகே கத்தியை வையுங்கள். ஒரு சிறு இரும்புக் குழாயைக் கனலுக்குள் புதைத்து, அந்தக் குழாய்க்குள் கத்தியை வைத்துக் காய்ச்சுவது இன்னும் நல்லது. கரி நேராகப் படாது, சூடு எல்லாப் பக்கமும் சமமாக ஏறும்.

சரியான சூடு வந்துவிட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தோய்ச்சலில் கற்றுக்கொள்ள வேண்டியதில் பாதி இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. நான் தடுமாறியதும் இங்கேதான்.

முதலில் வெளிச்சம். நடுப்பகல் வெயிலில் 800 டிகிரி இரும்பும் மங்கலாகத்தான் தெரியும். இன்னும் காயவில்லை என்று நினைத்து மேலும் மேலும் காய்ச்சுவோம். பொழுது சாய்ந்த பிறகு, அல்லது நிழலான கூரையடியில், எப்போதும் ஒரே மாதிரி வெளிச்சத்தில் செய்யுங்கள். கண் பழகுவதற்கு அது முக்கியம்.

அடுத்து காந்தம். இரும்பு சுமார் 770 டிகிரியில் காந்தத்தால் ஈர்க்கப்படும் குணத்தை இழக்கிறது. பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை ஒரு கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, கத்தியை அவ்வப்போது அதன் அருகே கொண்டுபோங்கள். ஒட்டாத கணம் வந்தால் எல்லையைத் தாண்டிவிட்டது என்று பொருள். பலர் அந்த நொடியிலேயே தோய்த்துவிடுகிறார்கள். அது அவசரம். 1084க்கு 815 டிகிரி அளவு தேவை. ஆகவே காந்தம் விட்ட பிறகு நிறம் இன்னும் ஒரு சாயல் கூடும்வரை உலையில் வைக்க வேண்டும்.

அந்த ஒரு சாயலை அளக்க அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு கருவி இருக்கிறது. தூள் உப்பு 801 டிகிரியில் உருகும். காந்தம் விட்ட கத்தியை வெளியே எடுத்து ஒரு சிட்டிகை உப்பைத் தூவி மறுபடி கனலுக்குள் கொண்டுபோங்கள். உப்பு வெள்ளைப் பொடியாகவே கிடந்தால் சூடு போதாது. பளபளத்து நீராக வழிந்தால் 800ஐத் தாண்டிவிட்டது. பயிற்சித் துண்டில் இப்படி நாலைந்து முறை செய்தால் அந்த நிறம் கண்ணில் பதிந்துவிடும். பிறகு உப்பே வேண்டியதில்லை. உப்பு துருவை இழுத்துவரும். அதனால் கத்தியைப் பிறகு நன்றாகக் கழுவித் துடைக்க வேண்டும்.

மூன்றாவதாக ஒன்று உண்டு. அதைப் பார்க்கக் கிடைத்தால் அதிர்ஷ்டம் என்பேன். கத்தி மெதுவாகச் சிவந்துகொண்டே வரும்போது, அதன் உடம்புக்குள் புகை நகர்வதுபோல் ஒரு கருநிழல் ஓடும். வாய் பளிச்சென்று இருக்கும், முதுகு மங்கலாக இருக்கும், இரண்டுக்கும் நடுவே அந்த நிழல் மெல்ல மெல்ல முதுகை நோக்கிப் பின்வாங்கும். அணு வரிசை மாறுவதற்கு எஃகு வெப்பத்தை விழுங்கிக்கொள்வதால் அந்த இடம் ஒரு கணம் மங்கித் தெரிகிறது. நிழல் முழுவதும் மறைந்து கத்தி முழுக்க ஒரே நிறமானால் மாற்றம் நடந்து முடிந்துவிட்டது. முதன்முறை அதைப் பார்த்த மாலையில் நான் தோய்க்கவே மறந்து, மூன்று முறை ஆறவிட்டு மறுபடி காய்ச்சிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

எங்கள் ஊரில் அரிவாள் அடிக்கும் பெரியவர் ஒருவரிடம் நிறம் பற்றிக் கேட்டபோது, "நெருப்பைப் பார்க்காதே தம்பி, இரும்பைப் பார்" என்றார். கனலின் பிரகாசத்தில் கண் கூசி, இரும்பின் நிறத்தைத் தவறாகப் படிப்பது எல்லாருக்கும் நடப்பதுதான். கத்தியைக் கனலிலிருந்து சற்று இழுத்து நிழலில் ஒரு நொடி பார்த்துவிட்டு உள்ளே தள்ளுங்கள்.

கூடுதலாகச் சூடானால் என்ன கெட்டுவிடும்? நன்றாகத்தானே கடினமாகும்?

கடினமாகும், ஆனால் உடையும். எஃகு முழுவதும் நுண்ணிய படிகங்களால் ஆனது, அவற்றை மணிகள் என்கிறேன். சூடு ஏற ஏற அந்த மணிகள் ஒன்றையொன்று விழுங்கிப் பெருத்துவிடுகின்றன. பெரிய மணிகள் கொண்ட கத்தி கீழே விழுந்தால் இரண்டாகும்.

இதை நான் எத்தனை விளக்கினாலும் நீங்கள் ஒரு முறை கண்ணால் பார்ப்பதற்கு ஈடாகாது. கத்திக்கு எடுத்த அதே பட்டையிலிருந்து விரல் நீளத் துண்டுகள் மூன்று வெட்டுங்கள். ஒன்றைச் சரியான சூட்டில் தோயுங்கள். இரண்டாவதை மஞ்சள் நிறம் வரும்வரை காய்ச்சித் தோயுங்கள். மூன்றாவதைக் காந்தம் இன்னும் ஒட்டும்போதே தோயுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் வைஸில் பாதி தெரியும்படி இறுக்கி, மேலே தடித்த துணியைச் சுற்றி, கண்ணாடி அணிந்துகொண்டு சுத்தியலால் அடியுங்கள்.

மூன்றாவது துண்டு உடையாமல் வளையும். இரண்டாவது ஒரே தட்டில் முறியும். முறிந்த முகத்தைப் பாருங்கள், கல்லுப்பை உடைத்ததுபோல் மினுமினுக்கும் பெரிய பரல்கள். முதல் துண்டின் முகமோ சலித்த சாம்பலை ஈரம் தொட்டு அழுத்தியதுபோல் மங்கிய சாம்பல் நிறத்தில், பரலே தெரியாமல் வழவழவென்று இருக்கும். அந்த முகம் கிடைக்கும்வரை உங்கள் கத்தியை உலைக்கு அருகே கொண்டுபோகாதீர்கள். இந்தப் பக்கத்திலிருந்து நீங்கள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் அது இந்தச் சோதனையாக இருக்கட்டும்.

தோய்ப்பதற்கு முன் மூன்று முறை காய்ச்சி ஆறவிடச் சொல்கிறார்களே, அவசியமா?

சுத்தியலால் அடித்து வடித்த கத்தி என்றால் கட்டாயம் அவசியம். அடிக்கும்போது பெருத்துப்போன மணிகளை அது மறுபடி சிறிதாக்கும், உள்ளே தேங்கிய இறுக்கத்தையும் எடுக்கும். முதல் முறை ஆரஞ்சு நிறம்வரை, சுமார் 870 டிகிரி. அடுத்த முறை அதைவிடச் சற்றுக் குறைவாக. மூன்றாவது முறை காந்தம் விடும் அளவோடு நிறுத்துங்கள். ஒவ்வொரு முறையும் காற்றோட்டமில்லாத இடத்தில் தொங்கவிட்டு, கறுத்து அடங்கியபின் அடுத்ததைத் தொடங்குங்கள். கடையில் வாங்கிய பட்டையை வெறுமனே அறுத்துத் தேய்த்த கத்திக்கு இதைத் தவிர்க்கலாம். நான் தவிர்ப்பதில்லை. கோணல் குறைவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

எந்த எண்ணெய்? தண்ணீர் போதாதா?

1084க்கும் லாரி பட்டைக்கும் சமையல் எண்ணெய் போதும். கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், தவிட்டு எண்ணெய் எதுவானாலும் சரி, பலகாரம் சுட்டு மீந்த எண்ணெயும் வடிகட்டினால் ஆகும். 3 அல்லது 4 லிட்டர் இருக்கட்டும். குறைவாக இருந்தால் எண்ணெய் சூடேறி, குளிர்விக்கும் வேகம் போய்விடும்.

எண்ணெயை 50 முதல் 60 டிகிரி வரை சூடாக்கிக்கொள்ளுங்கள். குளிர்ந்த எண்ணெய்தானே வேகமாகக் குளிர்விக்கும் என்று தோன்றும், நடப்பது நேர்மாறு. குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக இருப்பதால் கத்தியைச் சுற்றி நகராது. வெதுவெதுப்பான எண்ணெய் இளகி ஓடி வெப்பத்தை அள்ளிச் செல்லும். பழைய இரும்புத் துண்டு ஒன்றைக் காய்ச்சி எண்ணெயில் போட்டால் அந்தச் சூடு எளிதாக வந்துவிடும்.

வண்டியில் வடித்த பழைய இன்ஜின் ஆயில் வேண்டாம். அதில் சேர்ந்திருக்கும் உலோகத் துகளும் ரசாயனமும் புகையாக உங்கள் நெஞ்சுக்குள் போகும். டீசல், மண்ணெண்ணெய் பக்கமே போகாதீர்கள், தீப்பிடிக்கும்.

தண்ணீர் எண்ணெயைவிடப் பலமடங்கு வேகமானது. அந்த வேகத்தில்தான் புதியவரின் மெல்லிய கத்தி விரிகிறது.

ஆனால் அரிவாள் பட்டறையில் தண்ணீரில்தானே தோய்க்கிறார்கள்?

ஆம். அவர்கள் முழு அரிவாளையும் முக்குவதில்லை என்பதைக் கவனித்தீர்களா? திருப்பாச்சேத்தி அரிவாள் தமிழ்நாடு முழுவதும் பெயர்பெற்றது. அங்கேயும் மற்ற ஊர்ப் பட்டறைகளிலும் தலைமுறை தலைமுறையாகக் கைமாறிவந்த தொழில் இது. நான் எங்கள் ஊர்ப் பட்டறையில் பார்த்ததைச் சொல்கிறேன். பெரியவர் அரிவாளின் வாயை மட்டும் இரண்டு விரல் ஆழத்துக்குத் தண்ணீரில் இழுக்கிறார். முதுகு இன்னும் சிவந்தே இருக்கிறது. வெளியே எடுத்ததும் உடைந்த சாணைத் துண்டால் வாயை ஓர் இழுப்பு இழுக்கிறார். கருப்பு உரிந்து வெள்ளி மின்னுகிறது. பிறகு அசையாமல் நிற்கிறார். முதுகில் மிச்சமிருக்கும் சூடு வாயை நோக்கி இறங்குகிறது. வெள்ளியாக இருந்த இடம் வைக்கோல் நிறமாகிறது, பிறகு தேன் நிறம், அதன் பின்னால் ஊதா ஓடி வருகிறது. அவர் நினைத்த நிறம் வாயைத் தொட்டதும் மறுபடி தண்ணீர். தோய்ச்சலும் பதம் இறக்கலும் ஒரே சூட்டில் முடிந்துவிட்டன. எல்லாம் சேர்ந்து ஒரு நிமிடம்கூட இராது.

பொருளும் அவருக்குச் சாதகம். 0.5 சதவீதக் கார்பன் கொண்ட தடித்த பட்டை, வாய் மட்டும் கடினமாகி முதுகு மென்மையாகவே நின்று அடியைத் தாங்கும். இந்த முறையை நான் மிகவும் மதிக்கிறேன். அதனாலேயே, முதல் கத்தியில் அதைப் பின்பற்றாதீர்கள் என்கிறேன். நிறம் ஓடும் வேகத்தைக் கண்ணால் பிடிப்பதற்கு அவர் ஆயிரக்கணக்கான அரிவாள்களைத் தோய்த்திருக்கிறார்.

தோய்க்கும் நொடியில் என்ன செய்ய வேண்டும்?

உலைக்கும் எண்ணெய்க்கும் நடுவே ஓரடிக்கு மேல் தூரம் வேண்டாம். குறடால் காம்பைப் பிடித்து எடுத்து, தயங்காமல் முனை கீழாகச் செங்குத்தாக இறக்குங்கள். உள்ளே போனதும் வெட்டுவதுபோல் முன்னும் பின்னும் அசையுங்கள். காய்ந்த தோசைக்கல்லில் விழுந்த தண்ணீர்த் துளி ஆவியின் மேல் மிதந்து ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். கத்தியைச் சுற்றியும் அப்படி ஓர் ஆவிப்போர்வை உருவாகிக் குளிர்ச்சியைத் தடுக்கும். அசைப்பது அதைக் கிழிக்கத்தான். பக்கவாட்டில் மட்டும் ஆட்டாதீர்கள், ஒரு பக்கம் முந்திக் குளிர்ந்து கத்தி வளையும்.

சூடான பகுதி முழுவதும் எண்ணெய்க்குள் இருக்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் எண்ணெயின் மேல்பரப்பில் தீ எழும். பத்துப் பன்னிரண்டு நொடி கழித்து எடுங்கள்.

வளைந்துவிட்டது. நிமிர்த்தலாமா?

எண்ணெயிலிருந்து எடுத்த உடனே என்றால் கொஞ்சம் அவகாசம் உண்டு. கத்தி 200 டிகிரிக்குக் கீழே இறங்கி ஆற ஆறத்தான் கடினம் நிறைவடைகிறது. அதற்கு முன் தடித்த தோல் கையுறையோடு இரண்டு மரக்கட்டைகளுக்கு நடுவே அழுத்தினால் நிமிரும். முழுக்க ஆறிய பிறகு தொடாதீர்கள், முறியும். அந்நிலையில் ஒரு கனத்த பட்டையோடு சேர்த்துக் கிளாம்ப் போட்டு, எதிர்ப்பக்கம் சற்று மிகையாக வளையும்படி நடுவில் ஒரு நாணயத்தைச் செருகி, அப்படியே பதம் இறக்கும் அவனில் (கேக் சுடும் மின்அடுப்பில்) வைத்துவிடுங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும்.

கடினமாகிவிட்டதா என்று எப்படிச் சோதிப்பது?

புதிய அரத்தை வாயின் மேல் லேசாகத் தள்ளுங்கள். கண்ணாடியில் தள்ளியதுபோல் வழுக்கி, மெல்லிய கிறீச் ஒலி வந்தால் ஆயிற்று. சீவினால் உடனே மனம் தளர வேண்டாம். உலைக் காற்றில் மேல்தோல் மட்டும் கார்பனை இழந்து மென்மையாகியிருக்கலாம். இன்னும் கொஞ்சம் ராவிப் பாருங்கள். அடியிலும் சீவினால் சூடு போதவில்லை, அல்லது எண்ணெய் மந்தம், அல்லது இரும்பே தவறு. 'டிங்' என்று ஓர் ஒலி கேட்டிருந்தால் அது விரிசல். வெளிச்சத்தில் வாயைப் பார்த்தால் மயிரிழைபோல் தெரியும். விரிந்த கத்தியைக் காப்பாற்ற வழியில்லை, யாருக்கும் கொடுக்கவும் கூடாது.

பதம் இறக்குவது எப்படி? மறுநாள் செய்யலாமா?

மறுநாள் வேண்டாம், அன்றே செய்யுங்கள். என் இரண்டாவது கத்தியை இரவு பத்து மணிக்குத் தோய்த்தேன். அரம் அருமையாக வழுக்கியது. பதத்தைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று சமையலறை மேடையில் வைத்துவிட்டுப் படுத்தேன். விடியற்காலையில் அம்மா பாத்திரம் எடுக்கும்போது அது தரையில் விழுந்து மூன்று துண்டாயிற்று. ஒரு துண்டு அவர் காலுக்கு ஒரு சாண் தள்ளிப் போய் விழுந்தது. அன்றிலிருந்து பதம் இறக்காத கத்தியை வெடிபொருளாகவே நினைத்து நடத்துகிறேன். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் துடைத்து நேராக அவனுக்குள் போய்விடும்.

கேக் சுடும் ஓடிஜி அவன் போதும், மைக்ரோவேவ் ஆகாது. 1084 சமையலறைக் கத்திக்கு 200 டிகிரி, இரண்டு மணி நேரம். வெளியே எடுத்து முழுக்க ஆறவிட்டு மறுபடி இரண்டு மணி நேரம். கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் ஏறக்குறைய 60 நிற்கும். அடி வாங்கும் தோட்டத்துக் கத்தி என்றால் 230 டிகிரிவரை போகலாம். கொஞ்சம் கடினம் குறையும், அடி தாங்கும் வலு கூடும். அவனின் திருகியை நம்பாதீர்கள், அதில் காட்டுவதற்கும் உள்ளே இருப்பதற்கும் இருபது டிகிரிகூட வித்தியாசம் வரலாம். உள்ளே தனியாக ஒரு வெப்பமானி வையுங்கள்.

அவன் இல்லையென்றால் கடலை வறுக்கும் மணல் இருக்கிறது. கனத்த இரும்புச் சட்டியில் ஆற்று மணலை நிரப்பி, சிறு தீயில் 200 டிகிரிக்குக் கொண்டுவந்து, கத்தியைக் கிடையாகப் புதைத்து வையுங்கள். மணல் சூட்டைச் சீராகப் பரப்பும். அடுப்பை விட்டு நகர முடியாது என்பதுதான் சிரமம்.

நிறத்தைப் பார்த்தே பதம் சொல்லிவிடலாமா?

ஓரளவுக்கு. மேல்தோலைத் தேய்த்துப் பளபளப்பாக்கிய கத்தி 205 டிகிரிக்குச் சற்று மேல் வெளிர் வைக்கோல் நிறமாகும், 240ஐ ஒட்டி அடர் வைக்கோல், 260ஐ ஒட்டிப் பழுப்பு, பிறகு ஊதா, 300 அருகே நீலம். காய்கறிக் கத்திக்கு வைக்கோல் நிறத்தைத் தாண்ட விடாதீர்கள். ஆனால் நேரம் நீண்டால் குறைந்த சூட்டிலும் நிறம் அடர்ந்துவிடும். ஆகவே வெப்பமானி முதலில், நிறம் சாட்சிக்கு.

பாதுகாப்புக்கு என்னென்ன வேண்டும்?

பருத்தி உடை, மூடிய தோல் காலணி, கண்ணாடி. நைலான் கலந்த சட்டை சூடு பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் இரும்புப் பாத்திரத்தில் இருக்க வேண்டும், அதற்குப் பொருந்தும் இரும்பு மூடி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். தீ எழுந்தால் மூடியைப் போட்டு மூடுங்கள். எண்ணெய்த் தீயில் தண்ணீர் ஊற்றினால் கொதித்து மேலெழுந்து ஆளையே சுட்டுவிடும். அந்த இடத்தில் தண்ணீர் வாளியே வைக்காமல் ஒரு வாளி உலர்ந்த மணல் வையுங்கள். கரி உலையை மூடிய அறைக்குள் எரிக்கவே கூடாது. அதன் நச்சுக்காற்றுக்கு வாசனை கிடையாது. குழந்தைகள் உறங்கிய பிறகு, அல்லது அவர்கள் வீட்டில் இல்லாதபோது செய்யுங்கள். கறுத்துக் கிடக்கும் இரும்பு 400 டிகிரியில் இருந்தாலும் பார்வைக்குத் தெரியாது.

பதம் இறக்கிய பிறகு கிரைண்டரில் தேய்க்கலாமா?

தேய்க்கலாம், கையுறை இல்லாமல். கத்தி விரலுக்குச் சுட்டால் உடனே தண்ணீரில் நனையுங்கள். மெல்லிய வாயில் ஒரு நொடி நீலம் படர்ந்தால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது. நீலத்தைத் தேய்த்து மறைத்தாலும் மென்மை உள்ளே இருக்கும். கடைசி அரை மில்லிமீட்டரை நான் தண்ணீர் தெளித்த சாணைக்கல்லில் கையாலேயே எடுக்கிறேன். நேரம் பிடிக்கிறது, பிடிக்கட்டும்.

முதல் முறை சரியாக வரவில்லை. அதே கத்தியை மறுபடி தோய்க்கலாமா?

விரிசல் இல்லையென்றால் தாராளமாக. கடினமான கத்தியை அப்படியே காய்ச்சித் திரும்பத் தோய்க்காமல், மூன்று முறை காய்ச்சி ஆறவிட்டு மணிகளைச் சிறிதாக்கிய பிறகு தோயுங்கள். ஒவ்வொரு முறையும் மேல்தோல் கார்பனை இழப்பதால் கொஞ்சம் கூடுதலாகத் தேய்த்தெடுக்க வேண்டிவரும்.

முடிந்ததும் ஒரு சோதனை. மேசையில் ஒரு பித்தளைக் கம்பியைப் படுக்கவைத்து, தீட்டிய வாயைச் சற்றுச் சாய்த்து அதன் மேல் அழுத்தி இழுங்கள். வாய் லேசாக வளைந்து, கம்பியை விட்டு விலகியதும் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். வளைந்தபடியே நின்றால் மென்மை அதிகம், தோய்ச்சல் சரியில்லை. பொடிப்பொடியாக உதிர்ந்தால் கடினம் அதிகம், இன்னும் பத்து டிகிரி கூட்டி ஒருமுறை பதம் இறக்குங்கள். திரும்பி வந்தால் கழுவித் துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி, கைப்பிடி வேலையைத் தொடங்கலாம்.